தானுந்து பிரேக்குப் பழுதுபார்ப்பு

தானுந்து பிரேக்குப் பழுதுபார்ப்பு என்பது, ஓடும் தானுந்தின் வேகத்தைக் குறைக்கவும் அதனை நிறுத்தவும் பயன்படும் பிரேக்குத் தொகுதியைச் சோதித்து, தேய்ந்த உறுப்புகளை மாற்றி, பழுதுகளை நீக்கும் பணி ஆகும். தானுந்தின் உறுப்புகளுள் பிரேக்குகள் தேய்வதற்கென்றே அமைக்கப்பட்டவை. மிதி அழுத்தப்படும் ஒவ்வொரு முறையும் உராய்பொருளின் ஒரு சிறு பகுதி தூளாகி வெளியேறுகிறது. எனவே எவ்வளவு கவனமாகப் பேணப்படும் தானுந்துக்கும் பிரேக்குப் பழுதுபார்ப்பு ஒரு கட்டத்தில் தேவைப்படும்.

இப்பணி இரண்டு காரணங்களால் ஏனைய பழுதுபார்ப்புகளில் இருந்து வேறுபடுகிறது. முதலாவது, இதில் தவறு நேர்ந்தால் உயிரிழப்பு ஏற்படக்கூடும். இரண்டாவது, பழுதின் அளவை உரிமையாளர் பெரும்பாலும் தாமே காண இயலாது. சில்லைக் கழற்றிப் பார்க்கும் மெக்கானிக்கின் சொல்லையே நம்ப வேண்டியுள்ளது. தேவையற்ற பழுதுபார்ப்புக்கு உடன்பட்டால் பணம் வீணாகும். தேவையான பழுதுபார்ப்பை ஐயத்தினால் மறுத்தால் ஆபத்து நேரும். இதனால் தானுந்துப் பழுதுபார்ப்பில் நம்பிக்கை என்னும் கேள்வி பொருளியலிலும் நுகர்வோர் சட்டத்திலும் நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருகிறது.

பிரேக்கு தொழிற்படும் முறை

பிரேக்கானது தானுந்தின் இயக்க ஆற்றலை உராய்வின் மூலம் வெப்பமாக மாற்றுகிறது. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் அமைவதால், வேகம் இரு மடங்காகும்போது பிரேக்கு ஏற்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது. எடுத்துக்காட்டாக, 1,200 கிலோகிராம் நிறையுள்ள தானுந்து மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 167 கிலோசூல் ஆகும். மணிக்கு 120 கிலோமீட்டரில் இது ஏறத்தாழ 667 கிலோசூல் ஆகும்.

உலர்ந்த சாலையில் நொடிக்கு நொடி 7 மீட்டர் என்னும் அளவில் வேகம் குறைவதாகக் கொண்டால், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் தானுந்து நிற்பதற்கு ஏறத்தாழ 20 மீட்டரும், 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் தானுந்து நிற்பதற்கு ஏறத்தாழ 55 மீட்டரும் தேவை. ஓட்டுநர் இடரை உணர்ந்து மிதியை அழுத்த ஒரு நொடி எடுத்துக்கொண்டால் இவற்றுடன் முறையே 17 மீட்டரும் 28 மீட்டரும் சேரும்.

தற்காலத் தானுந்துகளில் பிரேக்கு நீர்ம அழுத்தத்தால் இயங்குகிறது. ஓட்டுநர் மிதியை அழுத்தும்போது அவ்விசையைப் பூஸ்டர் பெருக்குகிறது. மாஸ்டர் சிலிண்டர் அவ்விசையை நீர்ம அழுத்தமாக மாற்றுகிறது. இந்த அழுத்தம் குழாய்கள் வழியாக நான்கு சில்லுகளையும் அடைகிறது. ஒரு குழாய் உடைந்தாலும் முழுத் தொகுதியும் செயலிழக்காதிருக்க, நீர்மச் சுற்று இரண்டாகப் பிரிக்கப்பட்டுள்ளது. சில்லில் உள்ள பிரேக்கு இருவகைப்படும்:

- டிஸ்க் பிரேக்கு: சில்லுடன் சேர்ந்து சுழலும் வார்ப்பிரும்பு வட்டை, காலிப்பர் எனப்படும் கவ்வியில் உள்ள இரு பேடுகள் இருபுறமும் இருந்து அழுத்துகின்றன. வட்டு காற்றில் திறந்திருப்பதால் வெப்பம் விரைவில் வெளியேறுகிறது.
- டிரம் பிரேக்கு: சுழலும் உருளையின் உட்பக்கத்தை, பிறை வடிவிலான இரு ஷூக்கள் வெளிநோக்கி விரிந்து அழுத்துகின்றன. ஷூக்களின் மீது உராய்பொருளான லைனிங் ஒட்டப்பட்டோ தறையப்பட்டோ இருக்கும்.

வேகம் குறையும்போது தானுந்தின் எடை முன்பக்கம் சாய்வதால் முன்சில்லுப் பிரேக்குகளே வேலையின் பெரும் பங்கைச் செய்கின்றன. இதனால் முன்பேடுகள் பொதுவாக விரைவில் தேய்கின்றன. சிறிய தானுந்துகள் பலவற்றில் முன்சில்லுகளில் டிஸ்க்கும் பின்சில்லுகளில் டிரம்மும் இருப்பதற்கும் இதுவே காரணம்.

வரலாறு

தொடக்ககாலத் தானுந்துகளில் மரக்கட்டைகள் சில்லின் மீது அழுந்தி வண்டியை நிறுத்தின. 1888 ஆம் ஆண்டில் ஜெர்மனியில் மான்கைமில் இருந்து போர்ட்சைமுக்குத் தன் கணவர் கார்ல் பென்சு உருவாக்கிய வண்டியை ஓட்டிச் சென்ற பெர்த்தா பென்சு, வழியில் பிரேக்குக் கட்டைகள் தேய்ந்துபோனதால் செருப்புத் தைப்பவர் ஒருவரைக் கொண்டு அவற்றின் மீது தோல் பொருத்தச் செய்தார் என்று கூறப்படுகிறது. பிரேக்கு லைனிங்கின் தொடக்கமாகவும், வழியில் கிடைத்த கைவினைஞரை நம்பிச் செய்யப்பட்ட முதல் பிரேக்குப் பழுதுபார்ப்பாகவும் இந்நிகழ்வைக் கொள்ளலாம்.

1902 ஆம் ஆண்டில் பிரான்சின் லூயி ரெனோ டிரம் பிரேக்கைப் பயன்படுத்தினார். அதே ஆண்டில் இங்கிலாந்தின் பிரெடரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். நீர்ம அழுத்தப் பிரேக்கு 1920களில் பரவத் தொடங்கியது. 1953 ஆம் ஆண்டு லெ மான் ஓட்டப்பந்தயத்தில் டிஸ்க் பிரேக்குகள் பொருத்திய ஜாகுவார் சி-டைப் வெற்றி பெற்றதும், 1955 இல் வெளிவந்த சித்ரோயன் டிஎஸ் முன்சில்லுகளில் டிஸ்க் பிரேக்குகளுடன் விற்பனைக்கு வந்ததும் அவ்வகையின் பரவலுக்கு உதவின. சில்லு பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் மின்னணு ஏபிஎஸ் தொகுதியை 1978 இல் பாஷ் நிறுவனம் மெர்சிடிஸ்-பென்சு எஸ் வகுப்பு ஊர்திக்கு வழங்கியது. பிரேக்குகள் இவ்வாறு சிக்கலாக, உரிமையாளர் தாமே பழுது நீக்கிய காலம் படிப்படியாக மறைந்தது.

தேயும் உறுப்புகளும் அளவுகளும்

பிரேக்கு உறுப்புகளுள் பெரும்பாலானவற்றின் தேய்வை அளவிட முடியும். ஆகவே "பேடு போய்விட்டது" என்ற கூற்றைக் காட்டிலும் "முன் இடப்பக்க உள்பேடு 2 மிமீ" என்ற கூற்று பொருளுடையது.

பேடும் லைனிங்கும்

புதிய பேடின் உராய்பொருள் பல தானுந்துகளில் 10 முதல் 12 மிமீ தடிப்புடையது. ஏறத்தாழ 3 மிமீ அளவை எட்டும்போது மாற்றுமாறு பொதுவாக அறிவுறுத்தப்படுகிறது. சரியான எல்லை தானுந்தின் கையேட்டில் தரப்பட்டிருக்கும். பிரித்தானியாவின் எம்ஓடி சோதனையில் 1.5 மிமீக்குக் குறைந்த பேடு குறையாகக் கொள்ளப்படுகிறது. உராய்பொருள் முற்றிலும் தீர்ந்தால் பேடின் எஃகுத் தகடு நேரடியாக டிஸ்க்கில் உராய்ந்து அதனைக் கீறிவிடும். அப்போது நிறுத்தும் திறன் குறைவதுடன், பேடு மாற்றுவதோடு முடிந்திருக்க வேண்டிய செலவு டிஸ்க் வரை செல்லும்.

ஓர் அச்சின் இரு பக்கங்களிலும் பேடுகளைச் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் இரு சில்லுகளின் பிடிப்பும் வேறுபட்டுத் தானுந்து ஒரு பக்கம் இழுக்கும். ஆனால் முன்பேடு தேய்ந்துவிட்டது என்பது பின்பேடும் தேய்ந்துவிட்டது என்பதற்குச் சான்றாகாது.

டிஸ்க்கும் டிரம்மும்

டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிப்பு பெரும்பாலும் அதன் மீதே பொறிக்கப்பட்டிருக்கும். நுண்ணளவியைக் கொண்டு டிஸ்க்கைப் பல இடங்களில் அளந்து அந்த எண்ணுடன் ஒப்பிடலாம். தடிப்பு எல்லைக்கு மேல் இருந்து, மேற்பரப்பில் ஆழமான கீறலோ வெடிப்போ இல்லாதிருந்து, மிதியில் அதிர்வும் இல்லையெனில் டிஸ்க்கைத் தொடர்ந்து பயன்படுத்தலாம். எல்லைக்கு மிக அருகில் உள்ள டிஸ்க்கு புதிய பேடுகளின் ஆயுள் முடியும் வரை தாங்காது என்பதால் பேடுடன் சேர்த்து மாற்றுமாறு கூறுவதும் உண்டு. இது ஏற்கத்தக்க காரணமே. எனினும் அதற்கும் அளவு காட்டப்பட வேண்டும்.

பிரேக் ஆயில்

பிரேக் ஆயில் என வழங்கப்படும் நீர்மம் உண்மையில் எண்ணெய் அன்று. பெரும்பாலும் அது கிளைக்கால் ஈதர் வகையைச் சேர்ந்த சேர்மங்களின் கலவையாகும். எஞ்சின் எண்ணெயையோ வேறு கனிம எண்ணெயையோ அதற்குப் பதிலாக ஊற்றினால் தொகுதியில் உள்ள ரப்பர் அடைப்புகள் ஊதிக் கெட்டுவிடும்.

இந்நீர்மம் காற்றில் உள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சுகிறது. ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை குறையும். அமெரிக்கத் தரவரையறையின்படி டாட் 3 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியசும், ஈரம் சேர்ந்த நிலையில் குறைந்தது 140 பாகையும் இருக்க வேண்டும். டாட் 4 வகைக்கு இவை முறையே 230 பாகையும் 155 பாகையும் ஆகும். நீண்ட மலையிறக்கத்தில் பிரேக்குச் சூடேறி நீர்மம் கொதித்தால், குழாயில் ஆவிக் குமிழிகள் தோன்றும். ஆவி எளிதில் அமுங்குவதால் மிதி தரை வரை சென்றும் வண்டி நிற்காது. இதனாலேயே பல உற்பத்தியாளர்கள் ஈராண்டுக்கு ஒரு முறை நீர்மத்தை மாற்றுமாறு கூறுகின்றனர்.

நீர்மக் கலத்தில் மட்டம் குறைவதற்கு இரு காரணங்கள் உண்டு. பேடு தேயும்போது காலிப்பரின் உந்துருளை வெளிநோக்கி நகர்வதால், அவ்விடத்தை நிரப்ப நீர்மம் செல்லும். இதனால் மட்டம் மெதுவாகக் குறைவது இயல்பே. மட்டம் விரைவாகக் குறைந்தால் கசிவு உள்ளது என்று கொள்ள வேண்டும். காரணம் அறியாமல் நீர்மத்தை ஊற்றி நிரப்பிக்கொண்டே இருப்பது தேய்வையும் கசிவையும் மறைத்துவிடும்.

அறிகுறிகள்

பழுதைக் காட்டும் அறிகுறிகள்

- கீச்சென்ற ஒலி: பல பேடுகளில் ஒரு சிறு உலோக நாக்கு பொருத்தப்பட்டிருக்கும். பேடு எல்லை வரை தேய்ந்ததும் அது டிஸ்க்கில் உரசி ஒலி எழுப்பும். இது எச்சரிக்கை, சில நாட்களுக்குள் சோதிக்க வேண்டும்.
- கரகரவென்று அரைக்கும் ஒலி: உலோகத்தில் உலோகம் உராய்வதாக இருக்கலாம். தானுந்தை ஓட்டக்கூடாது.
- மிதி பஞ்சு போல அமுங்குதல்: குழாயில் காற்றோ ஆவியோ சேர்ந்திருக்கலாம்.
- மிதியை அழுத்திப் பிடிக்கையில் அது மெல்லத் தாழ்ந்துகொண்டே செல்லுதல்: மாஸ்டர் சிலிண்டரின் உள்ளடைப்பு தேய்ந்திருக்கலாம், அல்லது வெளிக்கசிவு இருக்கலாம்.
- மிதி கல் போல் இறுகியிருத்தல்: பூஸ்டர் செயலிழந்திருக்கலாம். வெற்றிடப் பூஸ்டர் உள்ள தானுந்தில் எஞ்சினை நிறுத்தி மிதியைப் பல முறை அழுத்திய பின், அழுத்தியவாறே எஞ்சினை இயக்கினால் மிதி சிறிது தாழ வேண்டும். தாழவில்லை எனில் பூஸ்டரையும் அதன் குழாயையும் சோதிக்க வேண்டும்.
- ஒரு பக்கம் இழுத்தல்: ஒரு காலிப்பரோ அதன் நழுவூசியோ இறுகியிருக்கலாம். உள்பேடும் வெளிப்பேடும் வெவ்வேறு அளவில் தேய்ந்திருப்பதும் இதன் அடையாளம்.
- மிதியிலும் திசைமாற்றிச் சக்கரத்திலும் அதிர்வு: டிஸ்க்கின் தடிப்பு இடத்துக்கு இடம் வேறுபட்டிருக்கலாம்.
- சிவப்பு எச்சரிக்கை விளக்கு: கைப்பிரேக்கு விடுவிக்கப்பட்ட பின்னும் எரிந்தால் நீர்ம மட்டம் குறைந்திருக்கலாம்.

பழுதல்லாதவை

இயல்பான சில நிகழ்வுகளும் பழுது எனக் கருதப்படுவதுண்டு. மழை இரவுக்குப் பின் டிஸ்க்கின் மேல் படியும் மெல்லிய துரு, சில முறை பிரேக்கு அழுத்தியதும் நீங்கிவிடும். அத்துரு நீங்கும் வரை சிறிது ஒலி கேட்பதும் இயல்பே. வழுக்கும் சாலையில் திடீரென அழுத்தும்போது மிதி துடிப்பது, ஏபிஎஸ் வேலை செய்வதன் அடையாளம். சில்லில் கருந்தூள் படிவது பேடு தேய்வதன் இயல்பான விளைவு. இவற்றைக் காட்டி உறுப்புகளை மாற்றச் சொன்னால், வேறு சான்று கேட்பது பொருத்தம்.

நம்பிக்கைச் சிக்கல்

பொருளியல் விளக்கம்

ஒரு கொடுக்கல் வாங்கலில் ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாதிருப்பது தகவற் சமமின்மை எனப்படும். பழைய தானுந்துகளின் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970 ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்தார். தரம் அறிய முடியாத சந்தையில் தரமற்றவை தரமானவற்றை வெளியேற்றிவிடும் என்று அவர் காட்டினார். 2001 ஆம் ஆண்டுக்கான பொருளியல் நோபல் பரிசை அவர் மைக்கேல் ஸ்பென்சு, யோசப் ஸ்டிக்லிட்சு ஆகியோருடன் பகிர்ந்துகொண்டார்.

1973 ஆம் ஆண்டில் மைக்கேல் டார்பி, எடி கார்னி ஆகிய இருவரும் நம்பிக்கைப் பண்டம் என்னும் கருத்துருவை முன்வைத்தனர். அதன்படி பண்டங்களை மூன்றாகப் பிரிக்கலாம். துணியின் நிறம் போல வாங்கும் முன்பே அறியக்கூடியது தேடற் பண்டம். உணவின் சுவை போல நுகர்ந்த பின் அறியக்கூடியது பட்டறிவுப் பண்டம். நுகர்ந்த பின்னும் தேவைதானா என்று அறிய முடியாதது நம்பிக்கைப் பண்டம். மருத்துவமும் தானுந்துப் பழுதுபார்ப்பும் மூன்றாம் வகைக்கு எடுத்துக்காட்டுகள் ஆகும்.

பிரேக்கு இவ்வகைக்கு நன்கு பொருந்துகிறது. காலிப்பரை மாற்றிய பின் தானுந்து நன்றாக நின்றால், மாற்றியதால் நின்றதா, மாற்றாவிட்டாலும் நின்றிருக்குமா என்பதை உரிமையாளர் அறிய வழியில்லை. நோயைக் கண்டறிபவரும் மருந்தை விற்பவரும் ஒருவரே என்பதே இங்கு சிக்கலின் வேர். மேலும், பிரேக்கு என்றதும் எழும் அச்சம் உரிமையாளரின் ஆராயும் மனநிலையைக் குறைக்கிறது.

ஊதிய முறையின் தாக்கம்

தேவையற்ற பழுதுபார்ப்பு எப்போதும் தனி ஒருவரின் தீய எண்ணத்தால் மட்டும் நிகழ்வதில்லை. அமெரிக்காவில் பல பட்டறைகளில் மெக்கானிக்குக்கு, ஒவ்வொரு வேலைக்கும் முன்கூட்டியே குறிக்கப்பட்ட மணி அளவின்படி ஊதியம் தரப்படுகிறது. இரண்டு மணி எனக் குறிக்கப்பட்ட வேலையை ஒன்றரை மணியில் முடித்தாலும் இரண்டு மணிக்குரிய ஊதியம் கிடைக்கும். சோதித்துவிட்டுப் பழுது எதுவும் இல்லை என்று சொல்பவருக்கு அந்நேரத்துக்குக் குறைவாகவோ ஒன்றுமில்லாமலோ போகலாம். வாடிக்கையாளரிடம் பேசும் சேவை ஆலோசகருக்கு விற்பனையின் மீது தரகு தரப்படும் இடங்களில் இந்த உந்துதல் மேலும் கூடுகிறது.

1992 ஆம் ஆண்டு கலிபோர்னியா வழக்கு

இதற்கு மிகவும் அறியப்பட்ட எடுத்துக்காட்டு, அமெரிக்காவின் சியர்ஸ் பல்பொருள் அங்காடி நிறுவனம் நடத்திய தானுந்து நிலையங்கள் தொடர்பானது. கலிபோர்னியா மாநில நுகர்வோர் விவகாரத் துறை, தேய்ந்த பிரேக்கைத் தவிர வேறு குறையில்லாத தானுந்துகளை வாடிக்கையாளர் போல் அந்நிலையங்களுக்குக் கொண்டுசென்று மறைமுகமாகச் சோதித்தது. தேவையற்ற உறுப்புகளும் பணிகளும் விற்கப்பட்டதாக 1992 சூன் மாதத்தில் அத்துறை குற்றஞ்சாட்டியது. 40க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இருந்து இத்தகைய குற்றச்சாட்டுகள் எழுந்தன.

அந்நிறுவனத்தில் சேவை ஆலோசகர்களுக்கு ஒரு பணிநேரத்தில் இத்தனை பிரேக்கு வேலைகள், இத்தனை அதிர்வு தாங்கிகள் விற்க வேண்டும் என்று இலக்கு குறிக்கப்பட்டிருந்தது, தரகும் வழங்கப்பட்டது. வழக்குகள் உடன்பாட்டில் முடிந்தன. 1990 முதல் 1992 வரை குறிப்பிட்ட பணிகளைச் செய்துகொண்ட வாடிக்கையாளர்களுக்கு நிறுவனம் ஈட்டுச்சீட்டுகள் வழங்க ஒப்புக்கொண்டது. தவறுகள் நேரும் சூழலை ஊதிய முறையும் இலக்கு முறையும் உருவாக்கியதை நிறுவனத் தலைவர் ஏற்றுக்கொண்டார். சேவை ஆலோசகர்களுக்கான தரகும் குறிப்பிட்ட உறுப்புகளுக்கான விற்பனை இலக்கும் நிறுத்தப்பட்டன. இவ்வழக்கு இன்றும் வணிக அறம் தொடர்பான பாடங்களில் எடுத்தாளப்படுகிறது.

நேர்மையான கருத்து வேறுபாடு

இரு மெக்கானிக்குகள் இரு வேறு கருத்துகளைச் சொன்னால் அவர்களுள் ஒருவர் ஏமாற்றுகிறார் என்று கொள்ள முடியாது. 4 மிமீ பேடை ஒருவர் இன்னும் சில ஆயிரம் கிலோமீட்டர் போகலாம் என்பார். மற்றவர் நெடும்பயணத்துக்கு முன் மாற்றிவிடலாம் என்பார். இரண்டும் தக்க காரணம் உடையவையே. பழுதைச் சொல்லாமல் விட்டு விபத்து நேர்ந்தால் பழி தம் மீது வரும் என்பதால், நேர்மையான மெக்கானிக்கும் சற்று மிகுதியாகவே எச்சரிப்பது இயல்பு. மறுபுறம், மிகக் குறைந்த விலை கூறும் பட்டறை எப்போதும் நேர்மையானது என்பதும் இல்லை. தரமற்ற போலிப் பேடுகளைப் பொருத்துவது, தேவையான வேலையைச் செய்யாமல் விடுவது ஆகியவையும் ஏமாற்றே ஆகும். இவை உரிமையாளரின் கண்ணுக்கு இன்னும் அரிதாகவே புலப்படும்.

மெக்கானிக்கின் கூற்றை மதிப்பிடுதல்

கூற்றின் தன்மை

மெக்கானிக்கின் நேர்மையை நேரடியாக அளக்க இயலாது. ஆனால் அவர் கூற்று சரிபார்க்கக்கூடியதா என்பதைக் காணலாம். நம்பத்தக்க பட்டறையில் பொதுவாகப் பின்வருவன காணப்படும்:

- ஒவ்வொரு சில்லின் பேடுத் தடிப்பும் டிஸ்க்கின் தடிப்பும் எண்ணால் எழுதித் தரப்படும்.
- தேய்ந்த உறுப்பைத் தானுந்தில் இருக்கும்போதே காட்டுவர். நேரில் காட்ட இயலாத இடத்தில் ஒளிப்படம் தருவர்.
- உடனே செய்ய வேண்டியது, விரைவில் செய்ய வேண்டியது, காத்திருக்கக்கூடியது என்று வேலைகள் பிரித்துக் கூறப்படும்.
- உறுப்பின் விலையும் வேலைக்கூலியும் தனித்தனியே குறித்த மதிப்பீடு வேலைக்கு முன்பே தரப்படும்.
- கழற்றிய பழைய உறுப்புகள் கேட்டால் திருப்பித் தரப்படும்.
- வேறிடத்தில் கருத்துக் கேட்க விரும்புவதாகக் கூறினால் மறுப்பு இராது.

அச்சுறுத்தும் சொற்கள் மிகுந்து அளவுகள் குறைந்த கூற்றுக்கு எச்சரிக்கை தேவை. பேடு மாற்றக் கொண்டுசென்ற தானுந்துக்கு நான்கு காலிப்பர்கள், எல்லாக் குழாய்கள், மாஸ்டர் சிலிண்டர் என நீண்ட பட்டியல் வந்தால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே காரணம் கேட்க வேண்டும். கசிவு, இறுக்கம், வெடிப்பு, எல்லைக்குக் குறைந்த அளவு ஆகிய நான்கில் ஒன்று காட்டப்படாத உறுப்பைத் தேய்வின் பெயரால் மாற்றுவதற்கு அடிப்படை குறைவு.

எப்போது காத்திருக்கக்கூடாது

"இந்த வண்டியை இனி ஓட்டக்கூடாது" என்ற கூற்று சில வேளைகளில் விற்பனைத் தந்திரமாக இருக்கலாம். சில வேளைகளில் முழு உண்மையாகவும் இருக்கலாம். மிதி தரையைத் தொடுதல், நீர்மக் கசிவு கண்ணுக்குத் தெரிதல், உலோகம் அரைக்கும் ஒலி, சிவப்பு விளக்குடன் மிதியின் தன்மையும் மாறியிருத்தல் ஆகியவற்றுள் ஒன்று இருப்பின் அக்கூற்று உண்மை எனக் கொள்வதே பாதுகாப்பு. அந்நிலையில் மெக்கானிக் மீது ஐயம் இருந்தால், தானுந்தை ஓட்டிச் செல்லாமல் இழுவை ஊர்தி மூலம் வேறு பட்டறைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இவற்றுள் எதுவும் இல்லை எனில், இரண்டாம் கருத்துக் கேட்பதற்கு வழக்கமாக நேரம் உண்டு.

இரண்டாம் கருத்துக் கேட்கும்போது முதற் பட்டறை சொன்னதைச் சொல்லாமல் சோதிக்கச் செய்தல் நன்று. சோதனைக்கென உரிய கூலி கொடுத்துவிடுவதும் பயனுடையது. விற்றால்தான் வருவாய் என்ற நிலை அப்போது தளர்கிறது.

உரிமையாளர் தாமே காணக்கூடியவை

நீர்ம மட்டத்தைக் கலத்தின் வெளிக்குறிகளைக் கொண்டே பார்க்கலாம். பல தானுந்துகளில் சில்லின் ஆரைகளுக்கு இடையே கைவிளக்கைப் பிடித்தால் வெளிப்பேடின் தடிப்பும் டிஸ்க்கின் மேற்பரப்பும் தெரியும். ஆனால் உள்பேடு இவ்வாறு தெரிவதில்லை. காலிப்பர் இறுகிய தானுந்தில் உள்பேடே முதலில் தீர்ந்திருக்கலாம். எனவே வெளியில் இருந்து பார்த்ததை மட்டும் கொண்டு மெக்கானிக்கின் கூற்றைப் பொய் என்று முடிவு செய்யக்கூடாது.

சட்டமும் சான்றிதழும்

கலிபோர்னியாவில் 1971 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தானுந்துப் பழுதுபார்ப்புக்கெனத் தனி அரசு வாரியம் ஏற்படுத்தப்பட்டது. அங்கு வேலைக்கு முன் எழுத்து வடிவ மதிப்பீடு தரப்பட வேண்டும். வாடிக்கையாளரின் இசைவின்றி அதற்கு மேல் தொகை பெற முடியாது. மாற்றப்பட்ட உறுப்புகளைக் கேட்டுப் பெறவும் வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு.

மெக்கானிக்குகளின் திறனைச் சோதிக்க அமெரிக்காவில் 1972 ஆம் ஆண்டில் ஏஎஸ்இ என்னும் நிறுவனம் தொடங்கப்பட்டது. அது பிரேக்குக்கெனத் தனித் தேர்வு நடத்துகிறது. சான்றிதழை ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். இச்சான்றிதழ் திறனுக்குச் சான்றே அன்றி நேர்மைக்குச் சான்று அன்று.

சோதிப்பவரையும் பழுதுநீக்குபவரையும் பிரிப்பது மற்றொரு வழிமுறை. ஜெர்மனியில் தானுந்துகளின் காலமுறைச் சோதனையைப் பழுதுபார்ப்பில் ஈடுபடாத டியூஃப் போன்ற அமைப்புகள் செய்கின்றன. பிரித்தானியாவில் எம்ஓடி சோதனை பெரும்பாலும் தனியார் பட்டறைகளிலேயே நடைபெறுகிறது. ஆனால் உள்ளாட்சி மன்றங்கள் நடத்தும் சில நிலையங்கள் சோதனை மட்டுமே செய்து, பொதுமக்களின் தானுந்துகளுக்குப் பழுதுபார்ப்பதில்லை. குறை கண்டுபிடிப்பதால் அவற்றுக்கு ஆதாயம் இல்லை என்பதால் சிலர் அவற்றை நாடுகின்றனர்.

இந்தியாவில் பட்டறைப் பணியும் நுகர்வோர் சட்டத்தின் கீழ் சேவையாகக் கருதப்படுகிறது. 1986 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதிலாகக் கொண்டுவரப்பட்ட 2019 ஆம் ஆண்டுச் சட்டம் 2020 சூலையில் நடைமுறைக்கு வந்தது. சேவைக் குறைபாடு குறித்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். அத்தகைய முறையீட்டுக்குப் பட்டியலும் மதிப்பீடும் எழுத்தில் இருப்பது பெரிதும் உதவும்.

பழுதுபார்த்த பின்

பேடு மாற்றிய பின் உந்துருளை உள்ளே தள்ளப்பட்டிருப்பதால், முதல் சில மிதிப்புகள் வெறுமையாகச் செல்லும். ஆகவே தானுந்தை நகர்த்தும் முன்பே மிதி இறுகும் வரை பல முறை அழுத்த வேண்டும். இதனைச் செய்யாமல் கிளம்புவதால் பட்டறை வாயிலிலேயே மோதல்கள் நேர்வதுண்டு. புதிய பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பொருந்துவதற்குத் தொடக்கத்தில் மிதமாகப் பலமுறை பிரேக்கு அழுத்தி ஓட்ட வேண்டும். அதுவரை திடீர் நிறுத்தங்களைத் தவிர்ப்பது நன்று. ஒரு பக்கம் இழுப்போ, மிதியில் மென்மையோ, கசிவோ காணப்பட்டால் உடனே திருப்பிக் கொண்டுசெல்ல வேண்டும்.

உடல்நலமும் சூழலும்

பேடுகளிலும் லைனிங்குகளிலும் வெப்பம் தாங்குவதற்காகக் கல்நார் நீண்ட காலம் பயன்படுத்தப்பட்டது. கல்நார்த் தூளை மூச்சில் இழுப்பது நுரையீரல் புற்றுநோயையும் இடைத்தோலியப் புற்றையும் உண்டாக்கும். இத்தூளுக்கு ஆளாகும் வாய்ப்புடையோரில் மெக்கானிக்குகளும் அடங்குவர். பல நாடுகள் இதனைத் தடை செய்துள்ளன. பழைய தானுந்துகளிலும் தரம் அறியப்படாத பேடுகளிலும் கல்நார் இருக்கலாம் என்பதால், பிரேக்குத் தூளை அழுத்தக் காற்றால் ஊதக்கூடாது. ஈரமாக்கித் துடைக்க வேண்டும்.

பேடுகளில் உள்ள செம்பு மழைநீருடன் நீர்நிலைகளில் கலந்து மீன்களுக்குத் தீங்கு செய்கிறது. கலிபோர்னியாவில் 2010 இல் இயற்றப்பட்ட சட்டம், பேடில் செம்பின் அளவை 2021 முதல் 5 விழுக்காட்டுக்குள்ளும் 2025 முதல் 0.5 விழுக்காட்டுக்குள்ளும் வரையறுத்தது.

மின் தானுந்துகளில் மின்னோடியே மின்னாக்கியாகச் செயற்பட்டு வேகத்தைக் குறைப்பதால் பேடுகள் நெடுநாள் தேயாமல் இருக்கும். ஆனால் அரிதாகவே பயன்படுவதால் டிஸ்க்கில் துரு ஏறுவதும் நழுவூசிகள் இறுகுவதும் நேரலாம். ஆகவே அவற்றிலும் பிரேக்கைக் காலமுறைப்படி சோதிக்க வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

- உராய்வு
- தகவற் சமமின்மை
- நுகர்வோர் பாதுகாப்பு
- பூட்டுறாத் தடுப்புத் தொகுதி
- கல்நார்